ஒரு சோடி குச்சி

ஹருனோ வந்தது கணக்குப் பார்க்க.
அம்பகாமம் காட்டோரத்தில் எத்தனை சதுர மீற்றர்,
எத்தனை பேர்,
எத்தனை சோடி முழங்கால் மெத்தை.
பன்னிரண்டு மணி விசிலுக்கு
தலைக்கவசங்களைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டு
தறப்பாளின் கீழ் நாங்கள் சோற்றுப் பார்சல் அவிழ்க்க
அவள் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தாள்.

கறுப்பென்று நினைத்தேன். கறுப்பில்லை.
விடியமுன் இரணைமடுவில் தண்ணி கிடக்கிற நிறம்.
அதற்குள்ளே எங்கேயோ சிவப்பு,
அதற்கும் கீழே
பச்சையா நீலமா என்று பிடிகொடாத மினுக்கம்.

பருப்பில் குழைந்த சோற்றை
ஒரு பருக்கை சிந்தாமல் அவள் எடுக்க,
சுகிர்தமலர் வாங்கிப் பார்த்தாள்.
கருவாட்டுத் துண்டு மூன்றுதரம் விழுந்தது.
"இதைவிட மிதிவெடி எடுக்கிறது சுகம்" என்று
குச்சி இரண்டையும் சோற்றில் நட்டுவிட்டாள்.

ஹருனோ பாய்ந்து பிடுங்கினாள்.
பிறகு வெட்கப்பட்டு,
செத்தவருக்குத்தான் அப்படி வைப்பது என்றாள்.
எங்களுக்குப் பின்னால் வரிசையாய் நட்டிருந்த
சிவப்புத் தலைக் கட்டைகளை
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னென்று செய்கிறது என்று கேட்டது நான்தான்.
மரத்தைக் கீற வடிகிற பால், என்றாள்.
பச்சையாய்த் தொட்டால் தோல் கொப்பளிக்கும்.
மரமுந்திரிகைக் கொட்டை கடித்து
வாய் வெந்த எனக்கு அது விளங்கியது.
வெயிலில் காயாதாம்.
ஈரப் பெட்டிக்குள் அடைத்தால்தான் இறுகுமாம்.
"அப்ப எங்கட ஊரில எந்தச் சென்மத்திலும் காயாது"
என்றாள் யோகவதி.
மொழிபெயர்க்க வந்த தம்பி அதை விட்டுவிட்டான்.

அவனை முந்திக்கொண்டு ஹருனோ
தனக்குத் தெரிந்த இங்கிலீசில், கைகாட்டிச் சொன்னாள்:
முதலில் ஷெல். உடைந்த ஷெல்.
வைத்து, மேலே பூசி, அதன்மேல் பூசி,
மூடிவிடுவோம்.

பதினொரு கைகள் வாய்க்குப் போகாமல் நின்றன.
தறப்பாள் காற்றில் ஒருதரம் அடித்தது.
யோகவதி தன் கேளாத காதைத் தடவினாள்.
தம்பிதான் வியர்த்து விறுவிறுத்து
"சிப்பி அக்கா, சிப்பி. கடல் சிப்பி" என்றான்.

சிரிப்பு வர நேரமெடுத்தது.
வந்தபின் நிற்கவில்லை.
சேர்ந்து சிரித்துக் கண்ணைத் துடைத்த ஹருனோவுக்கு
காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை.

மூடுவது பெரிய வேலையில்லையாம்.
மாதக்கணக்கில் கிடந்து இறுகிய பிறகு
தண்ணி விட்டுக் கல்லில் உரைக்க வேண்டும்.
பூச்சுப் பூச்சாய்க் கரைய
உள்ளே வைத்தது எங்கே என்று தெரியவரும்.
ஒரு இழுப்புக் குறைந்தால் வெறும் கறுப்பு.
ஒரு இழுப்புக் கூடினால்
சிப்பி போய் மரம் தெரியும்.
அவளுடைய அண்ணன் கடையில் உரைக்கிற மனிசி
குனிந்து பார்ப்பதே இல்லையாம்,
சத்தத்தைத்தான் கேட்பாளாம்.

ஒரு மணி விசில்.
என் ஒழுங்கையில் முழங்காலூன்றி
கருவி கூவிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
பக்கவாட்டில் சுரண்டத் தொடங்கினேன்.
செம்மண். வேர். கரி.
மறுபடி செம்மண்.
என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க
சுரண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டேன்.
சத்தம் மாறியபோது நிறுத்தினேன்.

மூன்றேகாலுக்கு வெளியே வந்தது
ஒரு கரண்டி.
பிடியில் யாரோ ஆணியால் கீறிய 'வ'.

போகும்போது ஹருனோ பெட்டியை என் கையில் தந்தாள்.
ஏன் எனக்கு என்று தெரியாது,
கேள்வி கேட்டதற்காக இருக்கலாம்.

சோற்றுக்கு அது சரிவரவில்லை.
வைகாசிக் கடைசியில்
தமையன்ரை பெடியன் காட்டிலிருந்து
ஒரு பேணி பாலைப்பழம் கொண்டுவந்தான்.
வழக்கம்போல் உதட்டில் ஒட்டியது.
விரலில் ஒட்டியது.
பேணியின் விளிம்பில் ஒட்டியது.
குச்சியில் மட்டும் பால் ஒட்டவில்லை.
ஒரு மரத்தின் பாலை இன்னொரு மரத்தின் பால்
சும்மா விட்டுவிட்டது.

ஒன்று எடுத்தேன். பிறகு ஒன்று.
விழுந்த மூன்றையும் கோழி கொத்தியது.